அடுத்த வீட்டுக்குக் கேட்கிற கோபம்

வணக்கம், நேயர்களே. பிள்ளை வளர்ப்பும் பௌத்த மனவியலும் பற்றி வானொலியில் பேசப்போகிறேன் என்றதும், கெடா மாநிலத்துப் பீடோங்கில் என் பக்கத்து வீட்டு அக்கா, "என்ன டீச்சர், சமயம் மாறிட்டீங்களா?" என்றார். இல்லை. காலையில் முருகனுக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். அப்புறம், இது நமக்கு அந்நியமான விஷயமும் இல்லை. எங்கள் ஊரிலிருந்து மெர்போக் பக்கம் போனால் பூஜாங் பள்ளத்தாக்கு. இந்து, பௌத்தச் சின்னங்கள் இரண்டுமே அங்கே தோண்டி எடுக்கப்பட்டன. கடாரம், அதாவது நம் கெடாவின் மன்னன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழும்பிய புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தவன், தஞ்சையில் சிவனுக்குப் பெரிய கோயில் கட்டிய ராஜராஜ சோழன். அவனுக்கே சங்கடம் இல்லை, எனக்கென்ன?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் படிவம் மூன்றில் இருந்தபோது நடந்தது இது. டியூஷனுக்குப் போய் வந்தவனின் காலணி முழுக்கச் சேறு. "இன்னிக்கு என்ன நடத்துனாங்க?" என்றேன். கண் இமைக்காமல் "கணக்கு" என்றான். திடலில் பந்து விளையாடிவிட்டு வந்திருக்கிறான் என்பது பார்த்தாலே தெரிந்தது. அரை மணி நேரம் கத்தினேன். அவன் பிறந்ததிலிருந்து செய்த தப்பெல்லாம் வரிசையாக வெளியே வந்தது. அவன் தன் கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பினாங்கில் ஒரு தியான வகுப்பில் கேட்ட ராகுலன் கதை நினைவுக்கு வந்தது. பாளி மொழியில் புத்தரின் உரைகளைத் தொகுத்த மத்திம நிகாயத்தில் 61ஆவது சூத்திரம், அதாவது உரை, அது. ராகுலன் புத்தரின் சொந்த மகன். சின்ன வயதிலேயே துறவியானவன். அப்பா வருவதைப் பார்த்து, உட்கார இடம் போட்டு, கால் கழுவத் தண்ணீர் வைக்கிறான். புத்தர் கால் கழுவிவிட்டு, பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைக்கிறார். "இந்தத் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, பார்த்தாயா? தெரிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவனிடம் துறவு இவ்வளவுதான் இருக்கும்" என்கிறார். பிறகு அதையும் கொட்டுகிறார். பாத்திரத்தைக் கவிழ்க்கிறார். நிமிர்த்தி, உள்ளே காலியாக இருப்பதைக் காட்டுகிறார்.

பேச்சு பொய்யைப் பற்றித்தான். ஆனால் எங்கே போனாய், யாரோடு போனாய் என்ற விசாரணை அதில் கிடையாது. கால் கழுவிய தண்ணீரே பாடம். அடுத்து, "கண்ணாடி எதற்கு?" என்று கேட்கிறார். "பார்த்துக்கொள்வதற்கு" என்கிறான் பையன். அப்படியென்றால், ஒரு செயலைச் செய்யும் முன்பும், செய்துகொண்டிருக்கும்போதும், செய்த பிறகும் பார்த்துக்கொள் என்கிறார். இது எனக்குத் துன்பம் தருமா, பிறருக்குத் தருமா, இருவருக்குமா? செயலுக்கு மட்டுமல்ல, சொல்லுக்கும் நினைப்புக்கும் இதே கேள்விதான்.

மகனுக்குச் சொல்லலாம் என்றுதான் அந்தக் கதையை எடுத்தேன். கண்ணாடியில் தெரிந்தது என் முகம்.

மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள், துன்பம் ஒன்றிலிருந்து ஒன்றாக எப்படிப் பிறக்கிறது என்று சொல்லும் பன்னிரண்டு சார்புகளில் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று ஒரு வரிசை வரும். பௌத்த மனவியலுக்கு இவ்வளவு அழகான தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டு நாம் 'டென்ஷன்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம்! சேறு கண்ணில் பட்டது ஊறு. வயிற்றில் சுருக்கென்றது நுகர்வு. இதுவரை யார்மீதும் குற்றமில்லை. 'இவனை இப்போதே அடக்கியாக வேண்டும்' என்று எழுந்தது வேட்கை. 'என் பிள்ளை, என் மானம்' என்று பிடித்துக்கொண்டது பற்று. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருக்கிறது. தியானத்தில் பழகுவது அந்த இடைவெளியைப் பார்ப்பதற்குத்தான்.

எனக்குக் கற்றுத்தந்தது பர்மாவின் மகாசி சயாடோ என்ற துறவியின் தியான முறை. மூச்சோடு வயிறு எழுவதையும் தணிவதையும் கவனிக்க வேண்டும். கோபம் வந்தால் அடக்கக் கூடாது, 'கோபம், கோபம்' என்று மனத்துக்குள் பெயர் சொல்ல வேண்டும். நேரம் ஏது என்று கேட்பீர்கள். கோப்பிக்குத் தண்ணீர் கொதிக்கும்வரை நான் அடுப்படியில் நின்றபடியே செய்கிறேன்.

அப்படிச் சில வாரம் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. கோபம் வரும்போதெல்லாம் என் குரல் வாசல் பக்கம் போகிறது. நான் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர், அது கூரைவரை எட்டாது. ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். பிள்ளை தப்புச் செய்தால் ஊர் கேட்கும்படி அடித்தால்தான் 'கண்டிப்பான குடும்பம்' என்று பேர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், மரம் சீவி, பால் எடுத்துக்கொடுத்துவிட்டுக் களைத்து வரும் அப்பா ரோத்தான் பிரம்பை எடுக்கும்போது கண் என்மேல் இருக்காது, அடுத்த வீட்டுச் சுவர்மேல் இருக்கும். அவரைக் குறை சொல்ல இன்று எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நான் தாமான் குடியிருப்பில் கல் வீடு கட்டிக்கொண்டு வந்து இருபது வருடமாகியும், அந்தப் பலகைச் சுவரைப் பார்த்துத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

சொல்லால் தவறு செய்திருந்தால், அதை ஆசிரியரிடமோ அறிவுள்ள தோழரிடமோ வெளிப்படையாகச் சொல்லிவிடு என்றும் அந்தச் சூத்திரத்தில் வருகிறது. எனக்கு அப்போது கைக்கெட்டிய தோழர் பதினைந்து வயதுக்காரர். சோறு போட்டுக்கொடுத்து, "அன்னிக்குக் கத்துனது உனக்காக இல்லய்யா, பக்கத்து வீட்டுக்காக" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் சாப்பிட்டான். அப்புறம், "ஒரு நாள் இல்லம்மா, நாலு நாள்" என்றான்.

காது சூடாகத்தான் செய்தது. எழுகிறது, தணிகிறது என்று குழம்புக் கரண்டியோடு நின்றேன். பிறகு, "எந்த இடத்துல விளையாடுற?" என்று கேட்டேன்.

கோல்கீப்பராம்.