நாற்பது மெகாபைட்டுக்குள் ஒரு கிணறு: 2024இன் கேம்கள்

(மதுரையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2024இல் வந்த வீடியோ கேம்களில் எனக்குப் பிடித்தவற்றைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். ஆகஸ்ட் 20 அன்று வந்த ‘பிளாக் மித்: வூகோங்’ கேமுக்கு 130 ஜி.பி. இடம் வேண்டும். வினாடிக்கு 40 மெகாபிட் வேகத்தில், நடுவில் தடங்கலே இல்லாமல் இறங்கினாலும், ஏழு மணி நேரத்துக்கு மேலாகும். அதே ஆண்டு மே 9 அன்று வந்த ‘அனிமல் வெல்’ 40 எம்.பி.க்குள் அடங்கிவிடுகிறது. அதே இணைப்பில் எட்டு வினாடி போதும்.

வூகோங்கைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் கல்லூரிப் படிப்புக்கென்று வாங்கிய லேப்டாப். தனி கிராபிக்ஸ் கார்டு அதில் இருக்காது. அதை வைத்திருக்கும் பிள்ளை, நல்ல கேம் எல்லாம் வசதியுள்ளவர்களுக்குத்தான் என்று ஒதுங்கிவிடக் கூடாது. 2024இன் ஆகச் சிறந்த மூன்று கேம்கள் அந்த லேப்டாப்பிலேயே ஓடும்.

முதல் இடம் ‘பலாட்ரோ’வுக்கு. பிப்ரவரி 20 அன்று கணினிக்கும், செப்டம்பர் 26 அன்று கைபேசிக்கும் வந்தது. லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் இயங்கும் கனடாக்காரர் ஒருவர், லுவா என்ற நிரல்மொழியில் எழுதியது. 2025 ஜனவரிக்குள் 50 லட்சம் பிரதிகள் விற்றுவிட்டன.

சீட்டு என்றதும் பெற்றோர் முகம் மாறுவது எனக்குத் தெரிகிறது. ஆன்லைன் ரம்மியில் குடும்பங்கள் பட்ட பாட்டைப் பார்த்த ஊர் இது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பலாட்ரோவில் ஒரு முறை விலை கொடுத்து வாங்கியபின் பைசா உள்ளே போகாது, வெளியே வராது. எதிராளியும் கிடையாது. ஐரோப்பிய வயது மதிப்பீட்டு அமைப்பான பெகி 2024இல் இதற்கு 18 வயது முத்திரை குத்தியது. 2025 பிப்ரவரியில் 12 என்று குறைத்தது.

ஆட்டம் இதுதான். ஒவ்வொரு சுற்றிலும் குறித்த புள்ளியை எட்ட வேண்டும்; மூன்று சுற்று சேர்ந்தது ஒரு கட்டம், மொத்தம் எட்டுக் கட்டம். கையில் எட்டுச் சீட்டு. அதில் ஐந்து வரை இறக்கலாம். போக்கர் சீட்டாட்டத்தில் உள்ளதுபோல ஜோடி (ஒரே எண் இரண்டு), ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து) என்று ஒவ்வொரு சேர்க்கைக்கும் இரண்டு எண்கள் உண்டு: சிப்ஸ், மல்ட். இரண்டையும் பெருக்கினால் புள்ளி. ஜோடிக்கு 10 சிப்ஸ், 2 மல்ட். ஃப்ளஷுக்கு 35 சிப்ஸ், 4 மல்ட். ஆர்ட்டினில் ஏஸ், ராஜா, 9, 6, 4 இறக்குகிறீர்கள் என்று வையுங்கள். ஏஸுக்கு 11, ராஜாவுக்கு 10, மற்றவை அதனதன் எண், மொத்தம் 40. அதோடு 35 சேர்த்தால் 75. நாலால் பெருக்கினால் 300. முதல் சுற்றில் தேவைப்படுவதும் சரியாக 300தான். ஒரே இறக்கில் முடிந்துவிட்டது!

அடுத்தது ஜோக்கர்கள், அதாவது புள்ளியை உயர்த்தித் தரும் தனிச் சீட்டுகள். ஐந்து வரை வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஆடுபவர்கள் கவனிக்காத விஷயம், அவை இடமிருந்து வலமாக வரிசைப்படி வேலை செய்கின்றன என்பது. மல்ட்டோடு 4 கூட்டும் ஜோக்கர் ஒன்றும், மல்ட்டை மூன்றால் பெருக்கும் ஜோக்கர் ஒன்றும் உங்களிடம் இருக்கின்றன. கூட்டுவதை இடப்பக்கம் வைத்தால், 4 கூட்டல் 4 எட்டு, அதை மூன்றால் பெருக்க 24; நம் ஃப்ளஷ் 1,800 தரும். இடம் மாற்றி வைத்தால் 12 கூட்டல் 4, அதாவது 16. அதே ஃப்ளஷ் 1,200தான் தரும். ஜோக்கரை விரலால் இழுத்து நகர்த்தினாலே 600 புள்ளி கூடுகிறது.

பெரும்பாலோர் தோற்பது ஐந்து, ஆறாம் கட்டத்தில். காரணத்தைப் பாருங்கள். ஐந்து ஜோக்கரும் ஆளுக்கு 4 கூட்டுபவை என்றால் மல்ட் 24. நம் ஃப்ளஷுக்கு 1,800. ஒரு சுற்றுக்கு உள்ள நான்கு இறக்கையும் பயன்படுத்தினாலும் 7,200. ஆறாம் கட்டத்தின் முதல் சுற்றே 20,000 கேட்கும். எட்டாம் கட்டத்தின் கடைசிச் சுற்று சாதாரண நிலையிலேயே 1,00,000 கேட்கும். கூட்டல் மட்டும் தெரிந்த ஜோக்கர்களை வைத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர முடியாது. நாலாம் கட்டத்துக்குள் பெருக்கும் ஜோக்கர் ஒன்றாவது கைக்கு வர வேண்டும். வியாழன் கிரகச் சீட்டு கிடைத்தால் விடாதீர்கள்; ஒவ்வொன்றும் ஃப்ளஷுக்கு 15 சிப்ஸும் 2 மல்ட்டும் நிரந்தரமாகக் கூட்டும்.

ஜோக்கர்களையும் சீட்டுகளையும் சுற்றுகளுக்கு நடுவே வரும் கடையில் வாங்க, ஆட்டத்துக்குள் மட்டும் செல்லும் காசு ஒன்று உண்டு; அதில் சிக்கனம் வேண்டும். கையிருப்பில் ஒவ்வொரு 5 டாலருக்கும் சுற்று முடிவில் 1 டாலர் வட்டி வரும். 25 டாலர் இருந்தால் 5, அதற்கு மேல் ஏறாது. எனவே 25ஐ எட்டும் வரை கையை இறுக்குங்கள்; எட்டியபின் மிச்சத்தைத் தாராளமாகச் செலவழியுங்கள். ஒவ்வொரு கட்டத்தின் மூன்றாம் சுற்றிலும் ஒரு தடை காத்திருக்கும். அது எதுவென்று கட்டம் தொடங்கும்போதே திரையில் தெரியும். ‘தி ஹெட்’ வந்தால் ஆர்ட்டின் சீட்டுகளுக்கு மதிப்புப் போய்விடும். ஃப்ளஷ் ஃப்ளஷாகவே எண்ணப்படும், ஆனால் 35 நாலு 140 மட்டுமே. ஆர்ட்டினையே நம்பிச் சீட்டுக்கட்டை மாற்றியவர் அங்கே முடிந்தார்.

இதில் ஒரு வாழைப்பழ ஜோக்கர் இருக்கிறது, பெயர் ‘க்ரோ மிஷெல்’. 15 மல்ட் கூட்டும். ஆனால் ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஆறில் ஒரு வாய்ப்பில் அழிந்துபோகும். அழிந்த பிறகுதான் ‘கேவண்டிஷ்’ கடைக்கு வரும், அது மூன்றால் பெருக்கும். உண்மையிலேயே க்ரோ மிஷெல்தான் ஒரு காலத்தில் உலகச் சந்தையை ஆண்ட பழம். பனாமா வாடல் நோய் அதை ஒழித்தபின் கேவண்டிஷ் அந்த இடத்துக்கு வந்தது. சிறுமலை வாழை முடிக்கொத்து நோயில் அழிந்ததை அறிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். ஒரு தாவரவியல் சோகத்தை ஆட்ட விதியாக்கிய அந்த மனிதரை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இரண்டாவது ‘யூ.எஃப்.ஓ. 50’. செப்டம்பர் 18இல் வந்தது. ஒரே விலைக்கு ஐம்பது கேம்கள். 1980களில் இருந்ததாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு நிறுவனத்தின் படைப்புகள் என்ற பாவனையில், மாஸ்மவுத் குழு செய்தது. வரிசையில் முதலாவதான ‘பார்பூட்டா’வில் தொடங்காதீர்கள், அது வேண்டுமென்றே கடுமையாகச் செய்யப்பட்டது, பத்தே நிமிடத்தில் அலுத்துப்போகும். ‘மார்ட்டல்’ நல்ல வாசல். இருபது உயிர்கள் தருவார்கள். ஒருவனைக் கல்லாக்கலாம், அம்பாக்கிச் சுவரில் குத்தி நிறுத்தலாம், வெடிக்க வைக்கலாம். அவன் விட்ட உடலின் மேல் அடுத்தவன் ஏறிப் போவான்.

ஐம்பதில் எனக்குத் தலையாயது ‘பார்ட்டி ஹவுஸ்’. வீட்டில் நாளுக்கு ஒரு விருந்து வைக்கும் ஆட்டம், 25 நாள் அவகாசம். நட்சத்திர விருந்தாளிகள் நால்வர் ஒரே விருந்தில் ஒன்றாக இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் உங்கள் பட்டியலிலிருந்து யாரோ ஒருவர் வருவார். யார் என்பது அதிர்ஷ்டம். சிலர் புகழ் தருவார்கள், சிலர் பணம் தருவார்கள், சிலர் வம்பு கொண்டுவருவார்கள். வம்பு மூன்றானால் போலீஸ் வந்துவிடும், அன்றைய வரவு பூஜ்யம். உசிலம்பட்டிப் பக்கம் மொய் நோட்டோடு பந்தலில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும்: யாரைக் கூப்பிட்டால் என்ன வரும், யார் வந்தால் சண்டை வரும். புகழைக் கொடுத்து விருந்தாளிகளைச் சேர்க்கிறோம், பணத்தைக் கொடுத்து வீட்டைப் பெரிதாக்குகிறோம். பலர் சறுக்குவது, மலிவாகக் கிடைக்கிறார்களே என்று சாதாரண ஆட்களாகச் சேர்த்துக்கொண்டே போவதில். பட்டியல் நீண்டால் நட்சத்திரங்கள் நால்வரும் ஒரே இரவில் சேர்ந்து வருவது அரிது. வம்பைக் கழிக்கும் ஹிப்பிகளை முதலில் சேருங்கள். ஆட்களைக் கூட்டுவதை நடுவிலேயே நிறுத்திவிட்டு வீட்டை விரிவாக்குங்கள்.

மூன்றாவது, முன்பே சொன்ன ‘அனிமல் வெல்’. பில்லி பாசோ என்பவர் சுமார் ஏழு ஆண்டு தனியாக உழைத்து, கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளான எஞ்சினையும் தானே எழுதினார். அளவு இவ்வளவு சிறுத்ததற்கு அதுவே காரணம். இருண்ட கிணற்றுக்குள் நான்கு தீச்சுடர்களைத் தேட வேண்டும். வாளில்லை, துப்பாக்கியில்லை. பட்டாசு, குமிழிக் கோல், யோயோ போன்ற விளையாட்டுச் சாமான்களே ஆயுதம். பட்டாசு பேயை விரட்டும், சற்றே வெளிச்சமும் தரும். குமிழி ஊதி அதன்மேல் குதிக்கும்போது தாவும் பொத்தானை அழுத்தியபடியே இருங்கள். வரைபடத்தில் முத்திரை குத்தலாம், பென்சிலால் கிறுக்கலாம். புரியாத அறை ஒவ்வொன்றிலும் குறி வையுங்கள். விடையைத் தேடி யாருடைய வீடியோவும் பார்க்காதீர்கள். அதன் சுகம் முழுவதும் நாமே கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: அனிமல் வெல்லில் தொலைபேசி இருக்கும் இடத்தில் மட்டுமே சேமிப்பு. கரண்ட் போனால், கடைசித் தொலைபேசிக்குப் பிறகு செய்ததெல்லாம் போச்சு. பலாட்ரோ அப்படியல்ல, ஆட்டத்தைத் தானே சேமித்துக்கொள்ளும். மாதப் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்த நாளில் பலாட்ரோவை எடுங்கள்.

ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் ஜனவரியில் வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி லாஸ்ட் கிரவுன்’. போக முடியாத இடத்தைப் படம் பிடித்து வரைபடத்திலேயே குத்திவைக்கும் வசதி இதில் உண்டு. இப்படி வரைபடத்தோடு இடம் இடமாகத் தேடி ஆடும் கேம்கள் எல்லாம் இதைக் கடன் வாங்க வேண்டும். எதிரி மஞ்சளாக ஒளிர்ந்தால் தடுங்கள், பெரிய பதிலடி கிடைக்கும். சிவப்பாக ஒளிர்ந்தால் விலகுங்கள், தடுக்கவே முடியாது. இலவச மாதிரி இருக்கிறது, ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பிளேஸ்டேஷன் 5 இருப்பவர்களுக்கு, டிசம்பரில் தி கேம் அவார்ட்ஸின் ஆண்டின் சிறந்த கேம் விருதைப் பெற்ற ‘ஆஸ்ட்ரோ பாட்’; அதற்கு என் பரிந்துரை தேவையில்லை.

கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். லேப்டாப் திணறுகிறதா என்று அந்த நேரத்துக்குள் பாருங்கள். நம் சித்திரை வெயிலில் பகல் இரண்டு மணிக்குப் பார்த்தால் இன்னும் நல்லது. சூடு ஏறினால் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் விட்டு விட்டு ஓடும். பின்பக்கத்தை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தி வையுங்கள், காற்றுத் துளையின் தூசியைத் தட்டுங்கள், வினாடிக்கு வரும் ஃப்ரேம் (படச்சட்டம்) 60க்கு மேல் போகாமல் பூட்டுங்கள். மெத்தை மேல் மட்டும் வைக்காதீர்கள்.