கற்பனைக்கு வராத திருப்பங்கள்

நடுவர் அவர்களே, வெள்ளவத்தையில் கூடியிருக்கும் சபையோரே, வணக்கம்.

“அரசியல் குடும்பம் ஒன்றின் கதையை வரலாற்று நாவலாகப் படிக்கும்போது நம்மைக் கட்டிப்போடுவது ஆசிரியரின் ஆய்வா, கற்பனையா?” இதுதான் இன்றைய வழக்கு. ஆய்வே என்பது எங்கள் கட்சி. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், சுவடிக்கூடத்தில் தூசி தட்டியவர் எழுதினால் அது நாவலாகாது, பாடப்புத்தகமாகிவிடும் என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார். வாங்கியதைத் திருப்பிக் கேட்க மாட்டேன். ஒரு குடும்பத்தை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

தூரம் போக வேண்டாம். கொழும்பு கொச்சிக்கடையில் கருங்கல் சிவன் கோயில் இருக்கிறதல்லவா? அதை முதலில் கட்டியவர் பொன்னம்பல முதலியார். பிறகு கருங்கல்லில் எடுப்பித்தவர் அவர் மகன் இராமநாதன். அந்த வீட்டையே எடுத்துக்கொள்வோம்.

1879 மே மாதம். இராமநாதனின் தாய்மாமன் சேர் முத்துக்குமாரசாமி, ஆங்கிலேயர் காலச் சட்டமன்றமான சட்டநிரூபண சபையின் உறுப்பினர். ஆங்கிலேய மனைவியும் இரண்டு வயது நிரம்பாத மகனும் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் போகக் கப்பல் ஏற வேண்டிய நாளிலேயே மனிதர் கொழும்பில் இறந்துபோகிறார். மாமனின் ஆசனம் அதே ஆண்டு 28 வயது மருமகன் இராமநாதனுக்குப் போகிறது. இங்கிலாந்தில் இருந்த அந்தக் குழந்தைதான் பின்னாளில் கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி. இதை ஒருவர் இட்டுக்கட்டி எழுதியிருந்தால் ‘சினிமாத்தனம்’ என்று நாமே புத்தகத்தை மூடியிருப்போம். நடந்தது என்று தெரிவதால்தான் புத்தகத்தை மூடக் கை வரவில்லை. கட்டி வைத்த பெட்டிகளை யார் அவிழ்த்தார்கள் என்று எழுதக் கற்பனை அதற்குப் பிறகு வரட்டும், தாராளமாக வரட்டும்.

அடுத்து 1911. சட்டநிரூபண சபையில் படித்த இலங்கையருக்கென்று ஒதுக்கிய ஆசனத்துக்குத் தேர்தல், இராமநாதன் போட்டியிடுகிறார். ஆய்வு செய்யாத நாவலாசிரியர் உடனே என்ன எழுதுவார்? மேடை, மாலை, ஆயிரமாயிரம் வாக்காளர்! வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் மூவாயிரம் பேர் கூட இல்லை, ஐயா. அத்தனை பேரும் ஆங்கிலம் படித்த ஆண்கள். அந்தத் தேர்தல் நடந்தது வரவேற்பறைகளில். எதிர்த்து நின்றவர் டாக்டர் மாக்கஸ் பெர்னாண்டோ, சிங்களவர், கராவ சாதியினர். சாதி அடுக்கில் தங்களை மேல் என்று கருதிய கொவிகமச் சிங்களப் பிரமுகர் பலர் அவரை விடத் தமிழரான இராமநாதனே மேல் என்று வாக்களித்தார்கள். சிங்களவர் ஒரு பக்கம், தமிழர் ஒரு பக்கம் என்று பழகிப்போன நம் கற்பனைக்கு இந்தத் திருப்பம் வராது. வரவே வராது.

இன்னொன்று. அந்த அத்தியாயத்தில் யாராவது “சேர் இராமநாதன்” என்று விளித்தால் அங்கேயே நாவல் கவிழ்ந்துவிடும். அவருக்கு அந்தப் பட்டம் 1921இல்தான் கிடைத்தது. இரண்டு வயது இளைய தம்பி அருணாசலம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ‘சேர்’ ஆகிவிட்டார். ஒரே வீட்டு விருந்தில் தம்பி ‘சேர்’, அண்ணன் வெறும் ‘மிஸ்டர்’. ஒரு தேதியைச் சரிபார்த்தவருக்கு ஒரு முழுக் காட்சி இலவசமாகக் கிடைக்கிறது, பார்த்தீர்களா? அதேபோல் ஆய்வு செய்யாதவர்கள் 1890களில் ஒரு மாப்பிள்ளையை யாழ்ப்பாணத்தில் புகையிரதம் ஏற்றி மருதானையில் இறக்கிவிடுவார்கள். அந்தப் பாதை முழுதாக இணைந்தது 1905இல். அவரைக் கப்பலிலோ வண்டியிலோ கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பயணம் நீண்டால் கதையும் நீளும், மாறும்.

வாசகருக்கும் வேலை உண்டு. இந்தக் குடும்பத்தில் குமாரசாமி என்று பாட்டனார் ஒருவர், இராமநாதனின் அண்ணன் ஒருவர். போதாததற்கு முத்துக்குமாரசாமியும் ஆனந்த குமாரசாமியும். முதல் அத்தியாயத்திலேயே ஒரு தாளில் வம்சாவளி வரைந்து, ஒவ்வொரு பெயருக்கும் கீழே பிறந்த ஆண்டை எழுதி, தாய்வழியை வேறு நிறத்தில் கோடிட்டுக்கொள்ளுங்கள். ஆசனம் நகர்ந்தது தாய்வழியில் என்பது அப்போதுதான் கண்ணில் படும். (ஜீ. ஜீ. பொன்னம்பலத்தை அந்தத் தாளில் சேர்த்துவிடாதீர்கள். அவர் வேறு குடும்பம்.)

ஆய்வு கதாநாயகனைக் காப்பாற்றாது. அதுதான் அதன் பெரிய சுவை. 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தில் தாக்கப்பட்டவர்கள் முஸ்லிம்கள். இராணுவச் சட்டத்தின் கொடுமையால் சிங்களத் தலைவர்கள் சிறைப்பட்டபோது இராமநாதன் சபையில் அவர்களுக்காக முழங்கினார், போர்க்காலக் கடலைக் கடந்து லண்டன் போய் வாதாடினார். திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவருடைய வண்டியைச் சிங்களத் தலைவர்களே இழுத்தார்கள். முஸ்லிம்களுக்கோ அது மறக்க முடியாத மனக்காயம். இந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டு எழுதினால் வரவேற்புப் பத்திரம் கிடைக்கும், நாவல் கிடைக்காது. அதே மனிதர், அரசியல் சீர்திருத்தத்தை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழுக் காலத்தில் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். அவருடைய தம்பியோ தொழிலாளருக்காகச் சங்கம் அமைத்தவர். உணவு மேசை உரையாடலைக் கற்பனை செய்யுங்கள், எதிரணியினரே, தடை இல்லை. ஆனால் அந்த மேசையில் யாருக்கு எதிரே யாரை உட்கார வைப்பது என்பதை சபைப் பேச்சுப் பதிவான ஹன்சார்ட்டைப் புரட்டாமல் எப்படி முடிவு செய்வீர்கள்?

கடைசியாக ஒரு கடிதம். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்க ஆதரவு தருவதாக 1918 டிசம்பரில் சிங்களத் தலைவர்கள் இருவர் அருணாசலத்துக்கு எழுத்தில் வாக்குக் கொடுத்தார்கள். அதை நம்பி அவர் 1919இல் இலங்கை தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானார். வாக்கு காற்றில் போனது. 1921இல் வெளியேறினார். அந்த ஒரு தாளை எடுத்துவிட்டால் அவர் பதவிக்காகக் கோபித்துக்கொண்ட கிழவர். வைத்தால் ஏமாற்றப்பட்ட மனிதர். எதிரணி நண்பர் அந்தக் கடிதம் இல்லாமல் 1921 அத்தியாயத்தை இந்த மேடையில் சொல்லிக்காட்டட்டும். என்னிடம் இன்னும் ஒரு நிமிடம் மிச்சமிருக்கிறது, நடுவர் அவர்களே. அதை அவருக்கே கொடுத்துவிடுங்கள்.