கற்பனை ரவுடிக்காகத் தெருவில் இறங்கிய டாக்கா

[திரையில்: கறுப்புக் கண்ணாடி, விரலில் சுழலும் சங்கிலி]

1993. டாக்கா தெருவுல ஊர்வலம் போகுது. "பாக்கேர் பாய்க்குத் தூக்கு எதுக்கு? குத்தாவாலியே, பதில் சொல்லு!"னு கோஷம். இதுல வேடிக்கை என்னன்னா, பாக்கேர் பாய்னு ஒரு ஆளே கிடையாது. அவர் டிவி தொடர்ல வர்ற ஒரு பாத்திரம்.

நடிச்சவர் அசாதுஸ்ஸமான் நூர். 1946ல ஜல்பாய்குரியில பிறந்தவர், 1971 வங்கதேச விடுதலைப் போர்ல கலந்துக்கிட்டவர். போர் முடிஞ்சதும் 'சித்ராலி'ங்கிற சினிமா வாரப் பத்திரிகையில வேலை. நாடகக்காரர் அலி ஜாக்கரைப் பேட்டி எடுக்கப் போனவர், அப்படியே அவரோட 'நாகரிக் நாட்டிய சம்பிரதாய்' குழுவுல சேர்ந்துட்டார். வங்கதேசத்துல டிக்கெட் போட்டுத் தொடர்ந்து நாடகம் நடத்துற பழக்கத்தை 1973ல ஆரம்பிச்சுவச்ச குழு அது.

அங்க நூருக்கு முதல்ல கிடைச்சது மேடை இல்ல, திரை மறைவு. அடுத்தவங்க வசனத்தை எடுத்துக் கொடுக்கிற வேலை. பிறகு நடிகரானார், இயக்குநரும் ஆனார். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டோட நாடகம் ஒன்னைத் தழுவி 'தேவான் காஜிர் கிஸ்ஸா'னு இயக்கினார். குடிச்சா தங்கமான மனுஷன், போதை தெளிஞ்சா கொடுங்கோலன், அப்படி ஒரு பண்ணையார் கதை. முன்னூறு தடவைக்கு மேல மேடையேறுச்சு.

[திரையில்: டீக்கடை, பழைய ரேடியோ]

இப்ப பாக்கேர் பாய்க்கு வருவோம். ஹுமாயூன் அகமது எழுதின தொடர். பாக்கேர் பேட்டை ரவுடி. கழுத்துல செயின், மோட்டார் பைக், டீக்கடையில எப்பவும் ஒரே பழைய இந்திப் பாட்டு. ஆனா தெருவுல யாருக்காவது அநியாயம் நடந்தா முதல் ஆளா நிப்பான். முனாங்கிற பொண்ணுகிட்ட மட்டும் அந்த வீராப்பு சுத்தமா அடங்கிடும். நூர் இதையெல்லாம் கத்திக் காட்டல. விரல்ல சங்கிலியைச் சுத்துறதும் திடீர்னு நிறுத்துறதும்தான். என்னைக் கேட்டா, பாதி நடிப்பு அந்த விரல்லதான் இருக்கு.

குத்தாவாலின்னா நாய்க்காரி. நாய்களை வளர்த்துக்கிட்டு, வீட்டுக்குள்ள பொண்ணுங்களை வச்சுத் தொழில் நடத்துறவ. அதைத் தட்டிக்கேட்ட பாக்கேர் மேல கொலைப்பழி விழுது. சொந்தக் கூட்டாளியே பொய்ச்சாட்சி சொல்றான். நாட்டுக்குள்ள அப்ப அரசு டிவி ஒன்னுதான். எல்லா வீட்லயும் ஒரே நேரத்துல ஒரே கதை ஓடும். தூக்குன்னு தெரிஞ்சதும் ஜனம் கொதிச்சதுல ஆச்சரியமே இல்ல.

நூர் 2001ல நீல்பாமாரி தொகுதி எம்.பி. ஆனார், 2014ல கலாசார அமைச்சர். கோடீஸ்வரன் நிகழ்ச்சியோட வங்கதேச வடிவத்தைத் தொகுத்து வழங்கினதும் அவர்தான். 2024 ஆகஸ்ட்ல அவரோட கட்சியான அவாமி லீக்கோட ஆட்சி கவிழ்ந்து, செப்டம்பர்ல கைதானார். அந்த வழக்குக்குள்ள இந்த வீடியோ போகல.

[திரையில்: சிறை வாசல், விடியற்காலை]

சரி, ஊர்வலம் போனாங்களே, கதை மாறுச்சா? மாறல. எழுத்தாளர் பிடி கொடுக்கல. பாக்கேரைத் தூக்குல போட்டாங்க. விடியற்காலையில சிறை வாசல்ல உடம்பை வாங்கிக்க முனா ஒருத்திதான் வந்து நின்னா.

தொடர் பேரு 'கொத்தாவ் கேவு நேய்'. எங்கேயும் யாரும் இல்லன்னு அர்த்தம்.