கேண்டன் ஃபேருக்குப் போகிறவர் எங்கே ரூம் போடுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

சீனாவின் குவாங்சோ நகரில் நடக்கும் பெரிய வணிகக் கண்காட்சிதான் கேண்டன் ஃபேர். ஏப்ரலும் அக்டோபரும் நெருங்கும்போதெல்லாம் எனக்கு ஒரே மாதிரி போன் வரும். திருப்பூர், கரூர்ப் பக்கத்து ஆட்கள்தான் அதிகம், பட்டன், ஜிப், எலாஸ்டிக், மெஷின் என்று ஏதாவது ஒன்றைத் தேடி சீனாவுக்குக் கிளம்புகிறவர்கள். குவாங்சோவில் எங்கே ரூம் போடலாம், எத்தனை ஸ்டார், என்ன வாடகை என்று கேட்பார்கள். நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன்: காலை ஒன்பதரைக்கு நீங்கள் எந்த வாசலில் நிற்க வேண்டும்? அது தெரிந்துவிட்டால் செயலியில் வந்து நிற்கும் ஹோட்டல்களில் பெரும்பாலானவற்றைப் பார்க்கவே தேவையில்லை. ஸ்டார் எல்லாம் அப்புறம்.

ஊர் எப்படி இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முத்து ஆறு கிழக்கு மேற்காக ஓடுகிறது. வடகரையில் தியான்ஹெ மாவட்டம், அதற்குள்ளே ஜூஜியாங் நியூ டவுன், இதுதான் ஊரின் பெரிய வணிகப் பகுதி. 530 மீட்டர் உயர சிடிஎஃப் கோபுரம், கிட்டத்தட்ட 440 மீட்டரில் ஐஎஃப்சி கோபுரம், ஜஹா ஹதித் வடிவமைத்த இசை நாடக அரங்கம், வங்கிகள், துணைத் தூதரகங்கள் எல்லாம் இங்கேதான். நேர் எதிரே தென்கரையில் 600 மீட்டர் கேண்டன் டவர். அங்கிருந்து தென்கரையோடு கிழக்கே போனால் பாசோ, கண்காட்சி வளாகம் அங்கே இருக்கிறது. மேற்கே போனால் சோங்தா, துணிக்கும் தையல் துணைப் பொருட்களுக்கும் பேர் போன மொத்தச் சந்தை. ஆக, நம் ஆட்களுக்கு வேலை இருக்கும் இரண்டு இடமுமே தென்கரை, படத்தில் பார்த்து மயங்குகிற ஹோட்டல்கள் இருப்பது வடகரை. இந்த ஒன்றைக் கவனிக்காமல்தான் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

மேப்பில் பார்த்தால் ஆற்றைத் தாண்டுவது ஒரு விஷயமாகவே தெரியாது. ஜூஜியாங் நியூ டவுனில் மூன்றாம் எண் மெட்ரோவில் ஏறினால் அடுத்தது கேண்டன் டவர், அதற்கடுத்தது கெட்சுன், அங்கே இறங்கி எட்டாம் எண் லைனுக்கு மாறி சிகாங், மொடியேஷா, சின்காங் டோங், அவ்வளவுதான், கண்காட்சி வாசல். கேட்க எளிதாக இருக்கிறதா? அந்த மூன்றாம் எண் லைனைக் காலை எட்டரை மணிக்குப் பார்க்க வேண்டும். 2005-இல் திறந்தபோது மூன்று பெட்டி வண்டிதான் ஓட்டினார்கள், பிறகு ஆறாக்கினார்கள், அதுவும் போதவில்லை. விமான நிலையத்திலிருந்து வருவதும் இதே லைன், தெற்கே பன்யூவிலிருந்து ஐடி ஆட்கள் ஏறி வருவதும் இதே லைன். ஒரு வண்டியை விட்டு அடுத்ததில் ஏறுவதெல்லாம் சகஜம். சாயங்காலம் இரண்டு கையிலும் கேட்லாக் பையோடு, ஸ்டால் ஸ்டாலாக நடந்து வீங்கிப்போன காலோடு அதே லைனில் திரும்பி வர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் கண்காட்சியும் சோங்தாவும்தான் வேலை என்றால் என் யோசனை எட்டாம் எண் லைனைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். கெட்சுன், சிகாங், லுஜியாங் ஸ்டேஷன்களைச் சுற்றி நடுத்தர ஹோட்டல்கள் நிறைய இருக்கின்றன. கிழக்கே போனால் கண்காட்சி, மேற்கே போனால் சந்தை, லைன் மாற வேண்டியதே இல்லை. பாசோவுக்குள்ளேயே, வளாகத்தை ஒட்டியும் ஹோட்டல்கள் உண்டு, ஆனால் கண்காட்சி நாட்களில் அவை சொல்லும் வாடகை தனி ரகம். சாப்பாட்டுக்கும் அங்கே பெரிய வசதி கிடையாது, சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் தெரு வெறிச்சோடிவிடும்.

அப்படியானால் ஜூஜியாங் நியூ டவுன் யாருக்கு? சப்ளையரின் அலுவலகம், வங்கி, இன்ஸ்பெக்‌ஷன் கம்பெனி, வக்கீல் என்று வேலை வடகரையில் இருக்கிறவர்களுக்கு. பெரிய பையரை அழைத்து உட்காரவைத்துப் பேச வேண்டியவர்களுக்கும் அது சரிதான், லாபி நன்றாக இருப்பதற்கு ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உயரத்துக்கென்று தனியாகக் காசு கொடுக்காதீர்கள். ஐஎஃப்சியின் உச்சியில் இருக்கும் ஹோட்டலில் வரவேற்பறையே 70-ஆவது மாடியில். தெருவிலிருந்து அங்கே ஒரு லிஃப்ட், அங்கிருந்து ரூமுக்கு இன்னொரு லிஃப்ட், பாஸ்போர்ட்டை மறந்து வைத்துவிட்டு வந்தால் மறுபடி இரண்டும். ஏப்ரலில் குவாங்சோ வானம் எப்படி இருக்கும் தெரியுமா? மேகம் கோபுரத்தின் பாதியில் வந்து உட்கார்ந்துகொள்ளும், திரையை விலக்கினால் வெள்ளையாக ஒன்றுமே தெரியாது. அதற்குத்தான் ரிவர் வியூ என்று கூடுதலாக வாங்கியிருப்பார்கள்.

அதே பகுதியில் நான் சொல்வது லீடே பக்கம். கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே ஒரு பழைய கிராமம் அது, 2007-இல் இடிக்க ஆரம்பித்து, 2010 வாக்கில் ஊர்க்காரர்களை அங்கேயே அடுக்குமாடிகளில் குடியேற்றினார்கள். குல முன்னோர் மண்டபங்களை மட்டும் ஓடைக்கரையில் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் குடியிருக்கும் இடம் என்பதால் மளிகைக் கடை, நூடுல்ஸ் கடை, பழக்கடை எல்லாம் நடக்கிற தூரத்தில். சிங்ஷெங் சாலைப் பக்கம் போனால் வெளிநாட்டுச் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கும். கோபுரத்தின் அடியில் ரூம் போட்டவர் ராத்திரி பசித்தால் மாலுக்குள்தான் போக வேண்டும்.

சரி, தேதிக்கு வருவோம், வாடகையைத் தீர்மானிப்பது அதுதான். 1957-இலிருந்து நடக்கும் கண்காட்சி இது, வருஷத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று கட்டம். ஏப்ரல் 15 முதல் 19 வரை மின்னணுவும் இயந்திரமும், 23 முதல் 27 வரை வீட்டுப் பொருட்களும் கட்டுமானப் பொருட்களும், மே 1 முதல் 5 வரை துணி, ஆயத்த ஆடை, காலணி, பொம்மை. இதில் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிய வேண்டிய சங்கதி, அந்த மூன்றாவது கட்டம் சீனாவின் மே தின விடுமுறையோடு முட்டிக்கொள்கிறது. 2025 வசந்த காலக் கண்காட்சிக்கு வெளிநாட்டிலிருந்து மட்டும் 2 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். மே தினத்தில் அந்தக் கூட்டத்தோடு குடும்பம் குடும்பமாகக் கேண்டன் டவர் பார்க்க வரும் சீன ஜனங்களும் சேர்ந்துகொள்வார்கள். அறை வாடகை இரட்டிப்பாவதில் என்ன ஆச்சரியம். அந்த நாட்களில் தொழிற்சாலையைப் பார்க்கப் போகலாம் என்றால் அங்கேயும் பல இடங்களில் விடுமுறை. துணிக்காரர்கள் முடிந்தால் இலையுதிர் காலக் கண்காட்சிக்குப் போங்கள், மூன்றாவது கட்டம் அக்டோபர் 31 முதல் நவம்பர் 4 வரை, விடுமுறையும் கிடையாது, மழையும் குறைவு.

இனி ரூம். சீனாவில் ஹோட்டல் ரூமுக்கு ஜன்னல் இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. ஜன்னல் இல்லாத ரூமை அப்படியே சொல்லித்தான் குறைந்த விலைக்கு விற்கிறார்கள், 'உள் ஜன்னல்' என்று இன்னொரு ரகமும் உண்டு, அது வராந்தாவையோ காற்றுக் குழியையோ பார்த்தபடி இருக்கும். விலையைப் பார்த்தவுடன் கை பட்டனை அமுக்கிவிடும், அறை வகைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை. குவாங்சோவில் இது வெறும் வெளிச்சப் பிரச்சினை இல்லை. மாசி பங்குனி வாக்கில் தெற்கிலிருந்து ஈரக் காற்று வந்து சுவரே வியர்க்கும், டைல்ஸ் தரையில் தண்ணீர் நிற்கும், காயப்போட்ட சட்டை மூன்று நாளானாலும் காயாது. ஜன்னல் இல்லாத கீழ்மாடி ரூமில் அந்தப் பூஞ்சை வாடையோடு, முந்தைய ஆள் புகைத்துவிட்டுப் போன சிகரெட் வாடையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நடு மாடி, வெளி ஜன்னல், புகை பிடிக்காத தளம் என்று மூன்றையும் எழுதியே கேட்டுவிடுங்கள்.

இரண்டு பார்ட்னர்கள் சேர்ந்து போய் ஒரே ரூமில் தங்குவது நம் ஊரில் வழக்கம். இரண்டு கட்டில் உள்ள ரூம்தானா என்று பாருங்கள், ஒரு பெரிய கட்டில் மட்டும் இருக்கும் ரூம் அங்கே நிறைய. இன்னொன்றும் உண்டு, சொல்லச் சிரிப்பு வருகிறது, பல ஹோட்டல்களில் குளியலறைக்கும் படுக்கைக்கும் நடுவே இருப்பது கண்ணாடிச் சுவர். திரை இருக்கலாம், இல்லாமலும் போகலாம், இருந்தாலும் அது கண்ணாடியின் எந்தப் பக்கம் தொங்குகிறது என்பது வேறு கேள்வி. இருபது வருஷத் தொழில் கூட்டாளியானாலும் இதெல்லாம் தேவையா? படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ரூம் போடுங்கள்.

ஸ்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. அரசு கொடுக்கும் ஸ்டார் வேறு, புக்கிங் செயலிகள் தாங்களாகப் போட்டுக்கொள்ளும் வைரக் குறி வேறு. என்னைக் கேட்டால் இரண்டையும் விட்டுவிட்டு, ஹோட்டல் எந்த வருஷம் திறந்தது, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்பதைப் பாருங்கள், சீனச் செயலிகளில் அது போட்டிருக்கும். பத்து வருஷம் புதுப்பிக்காத ஐந்து நட்சத்திரத்தைவிட, போன வருஷம் புதுப்பித்த அடோர், ஜி மாதிரியான நடுத்தர செயின் ஹோட்டல் எவ்வளவோ மேல். துணி துவைக்க மெஷின் வைத்திருப்பார்கள், வெளியே ஆர்டர் போட்ட சாப்பாட்டை ரோபோ லிஃப்டில் ஏறி வாசலுக்குக் கொண்டுவரும். காலைச் சாப்பாட்டில் அரிசிக் கஞ்சி கிடைக்கும், சைவக்காரர்கள் வெள்ளைக் கஞ்சிதானா என்று கேட்டு வாங்குங்கள், மற்றதில் இறைச்சியோ மீனோ கிடக்கும். ரூமில் கெட்டில் இருக்கும், ஊறுகாயும் பொடியும் எடுத்துப் போவது உங்கள் சாமர்த்தியம். எலக்ட்ரிக் குக்கர் கொண்டுபோய்த் தாளிக்க மட்டும் தாளிக்காதீர்கள், கூரையில் புகை உணரி இருக்கிறது.

கடைசியாகச் சில்லறை விஷயங்கள், ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு வந்து இறங்கும்போது இவைதான் பெரிதாகத் தெரியும். வெளிநாட்டுக்காரர் எங்கே தங்குகிறார் என்று 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவாக வேண்டும், ஹோட்டலே பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து அதை முடித்துவிடும். தெரிந்தவரின் அபார்ட்மென்டில் தங்கினால் அந்த வேலை உங்கள் தலையில். முன்பெல்லாம் சின்ன ஹோட்டல்கள் வெளிநாட்டவரை ஏற்பதில்லை என்று திருப்பி அனுப்பும். அப்படி அனுப்பக் கூடாது என்று 2024-இல் அரசே சொல்லிவிட்டது, இருந்தாலும் கவுன்டரில் இருக்கும் பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டை எப்படிப் பதிவது என்று தெரியாமல் விழிப்பது உண்டு, அதனால் முன்கூட்டியே செயலியில் மெசேஜ் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கூகுள் மேப்பை நம்பாதீர்கள், அங்கே ஹோட்டல் இருக்கும் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழும், ஆற்றங்கரை ஹோட்டலைத் தேடினால் தண்ணீருக்குள் காட்டினாலும் காட்டும். சீன எழுத்தில் முகவரியைப் போனில் படமாக வைத்துக்கொண்டு டாக்ஸிக்காரரிடம் காட்டினால் போதும். ஹோட்டல் வைஃபையில் வாட்ஸ்அப் வேலை செய்யாது, நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டால் செய்யும்.

பணத்துக்கு அலிபே என்ற சீனப் பேமென்ட் செயலியில் உங்கள் கார்டை ஊரிலேயே சேர்த்துவிடுங்கள், ஒரே தடவையில் 200 யுவானுக்கு மேல் போனால் மூன்று சதவீதம் பிடிப்பார்கள். செக்-இன்னில் வாடகை போக டெபாசிட்டும் கேட்பார்கள், அது வழக்கம்தான். இந்தியக் கார்டில் பிடித்து வைத்தால் விடுவிக்கச் சில நாள் ஆகலாம். சரக்குக்கு அட்வான்ஸ் கொடுக்க வைத்திருக்கும் கார்டை அங்கே நீட்டாமல், வேறொன்றைக் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.