ஆளும் உரிமையை யார் தருவது?

அவையோருக்கு வணக்கம். ஓர் அரசின் அதிகாரத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

அரசியல் அறிவியல் தொடக்கத்தில் சட்டப் படிப்பின் நிழலில்தான் வளர்ந்தது. 1880-இல் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் பேராசிரியர் ஜான் பர்ஜெஸ் அதற்கெனத் தனிப் பள்ளி தொடங்கினார். 1903-இல் அமெரிக்காவில் அரசியல் அறிவியலாளர்களுக்கென ஒரு சங்கமும் வந்தது. பாடம் என்றால் பெரும்பாலும் அரசமைப்பு, நாடாளுமன்றம், அதிகாரப் பங்கீடு. ஓர் அரசு சட்டப்படி அமைந்ததா என்று கேட்டால் பதில் கிடைக்கும். மக்கள் அதை ஏன் ஏற்கிறார்கள் என்று கேட்டால் கிடைக்காது.

நம்ம சென்னைக் கதையையே பாருங்கள். 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152தான். ஆந்திரத் தலைவர் பிரகாசம் தலைமையிலான எதிரணி, பெரும்பான்மை தன் பக்கம் என்றது. ஆளுநர் ஸ்ரீபிரகாசாவோ, தேர்தலில் நிற்காத ராஜாஜியை, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காத சட்ட மேலவைக்கு நியமித்து ஆட்சியமைக்க அழைத்தார். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. ஊர் கொடுத்ததா? அந்தக் குறை ஆட்சியை விட்டு நீங்கவேயில்லை என்பது என் கணிப்பு. 1953-இல், பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் குடும்பத் தொழில் என்ற புதிய கல்வித் திட்டத்துக்கு எதிர்ப்பு கிளம்பியபோது, 'மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சி' என்று சொல்லித் தப்ப ராஜாஜிக்கு வழியில்லை. 1954-இல் விலகினார்.

அடுத்து வந்த காமராஜர் அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். மேலவைக் கதவு அவருக்கும் திறந்தேதான் இருந்தது. அவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து வந்தார். ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அந்த மனிதர் ஒரே முடிவில் காட்டிவிட்டார்!

மரபு, தலைவரின் ஈர்ப்பு, சட்டவிதி என்று மக்கள் அதிகாரத்தை ஏற்கும் மூன்று காரணங்களை ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் பிரித்துச் சொன்னார். அப்புறம் அரசியல் அறிஞர் டேவிட் ஈஸ்டன், இப்போதைய ஆட்சி மீதான ஆதரவு வேறு, ஆட்சிமுறை மீதான ஆதரவு வேறு என்றார். 1967-இல் காங்கிரஸ் தோற்றது, காமராஜரும் விருதுநகரில் தோற்றார். அண்ணா பதவியேற்றபோது யாரும் முறையைச் சந்தேகிக்கவில்லை. கோபம் ஆட்சி மேல்தான்.

இந்த ஆதரவை அளக்கக் கருத்துக்கணிப்புகளைப் பயன்படுத்தினார்கள். 1991-இல் பிரிட்டிஷ் அரசியல் அறிஞர் டேவிட் பீத்தம் இதில் குறுக்கிட்டார்: மக்கள் நம்புகிறார்கள் என்பது மட்டும் போதாது, அந்த அதிகாரத்தை அவர்களுடைய விழுமியங்களைக் கொண்டு நியாயப்படுத்த முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்றார். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. கேள்வித்தாளோடு வந்தவரை அரசாங்க ஆள் என்று நினைத்து, 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லி அனுப்புபவரை எந்தக் கணக்கில் எழுதுவது?

சரி, இனி நீங்கள் கேளுங்கள்.