தனிக் கொப்பியில் ஓர் இடாப்பு

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா, முன்வரிசையில் இருக்கும் எங்கள் சேர்மார், ரீச்சர்மார், எதிரணியில் இருக்கும் என் வகுப்புத் தோழர்களே, பின்னுக்கு நின்று கேட்கும் தம்பி தங்கையரே, எல்லோருக்கும் வணக்கம்.

2024 உயர்தர வகுப்பு விடைபெறும் இந்த நாளில் எங்களுக்குக் கிடைத்த தலைப்பு, "எங்களை ஆளாக்கியது பள்ளிக்கூடமா, ரியூசனா?" பள்ளிக்கூடம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எங்களைப் படிப்பித்தது ரியூசன்தான் என்று எதிரணித் தலைவர் சொன்னதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியபோது நாங்கள் தரம் 10. அந்த வருடமும் அடுத்த வருடமும் படிப்பு பெரும்பாலும் சூமில்தான் ஓடியது. ரியூசன் சேர்மார் இரவு பத்து மணிக்கும் படிப்பித்தார்கள். சிலபஸ் முடிந்தது அவர்களால்தான். அந்த நன்றி எனக்கும் உண்டு. தகரக் கூரைக்குக் கீழே, ஒரே வாங்கில் ஐந்தாவது ஆளாக நெருங்கியிருந்து நோட்ஸ் எழுதிய பிள்ளைதான் நானும். ஆனால் ஐயா, சிலபஸை முடித்தது யார் என்று தலைப்புக் கேட்கவில்லை. ஆளாக்கியது யார் என்று கேட்கிறது.

எங்கள் வகுப்பில் ஒருவன், யாழ்ப்பாணக் கரையோரத்துக் குருநகர்ப் பக்கத்துப் பிள்ளை. நாட்டின் பொருளாதாரம் விழுந்த 2022-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் முடிவில் ஒரே நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. மண்ணெண்ணெய் இல்லையென்றால் எஞ்சின் படகு கடலுக்குப் போகாது. அவனுடைய அப்பாவின் படகு கிழமைக்கணக்கில் கரையில் கிடந்தது. முதலில் அவன் ரியூசனை விட்டான், கட்டக் காசில்லை. பிறகு பள்ளிக்கூடத்துக்கு வருவதையும் விட்டான். அப்பாவும் அவனும் மாறி மாறிக் கானோடு வரிசையில் நின்றார்கள்.

ரியூட்டரியில் இருநூறு பேருக்குள் ஒருவன் குறைந்தது யாருக்கும் தெரியவில்லை. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. மைக் பிடித்துப் படிப்பிக்கிறவருக்குக் கடைசி வாங்கு எப்படித் தெரியும்? ஆனால் இங்கே தெரிந்தது. மே மாதம், சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய மீட்டல் வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. அந்த வகுப்புகளுக்கும் எங்கள் வகுப்பாசிரியர் ஒரு தனிக் கொப்பியில் பெயர் எழுதி இடாப்பு மார்க் பண்ணினார். மூன்றாவது நாளும் அவன் பெயருக்கு நேரே வட்டம் விழுந்தபோது பேனையை வைத்துவிட்டு, "எங்கை அவன்?" என்று கேட்டார். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்று பின்னேரம் சேர் அவன் வீட்டுக்குப் போனார். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லை. யாரிடமோ வாங்கிய பழைய சைக்கிள், அதில் பிரேக்கும் ஒழுங்காக இல்லை. வீட்டு முற்றத்தில் கவிழ்த்து வைத்திருந்த மீன்பெட்டியில் இருந்தார். ஏச்சும் இல்லை, புத்திமதியும் இல்லை. பொலித்தீன் பைக்குள்ளிருந்து அவனுடைய பரீட்சை அனுமதி அட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார். அவன் அப்போதுதான் வரிசையிலிருந்து வந்திருந்தான். பெருவிரல் பட்ட இடத்தில், அட்டையின் மூலையில், மண்ணெண்ணெய்க் கறை. சேர் அதைத் திரும்ப வாங்கித் தன் சேட்டு நுனியால் துடைத்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். "அதிபருக்கு முன்னாலை நீ கையெழுத்து வைக்கோணும். நாளைக்கு வா" என்றார். அவ்வளவுதான். அட்டை சேரோடு போய்விட்டது. அடுத்த நாள் அவன் வந்தான். மே 23-ஆம் திகதி தொடங்கிய பரீட்சையில் ஒரு பாடம் விடாமல் எழுதினான்.

அவனிடம் கேட்டு, அவன் சம்மதித்த பிறகுதான் இதை இங்கே சொல்கிறேன். எதிரணியில் மூன்றாவதாக இருக்கிறானே, அவன்தான். ரியூசன் பெரிது என்று அவன் இன்று எவ்வளவு நன்றாகப் பேசினாலும், அப்படி ஒரு மேடையில் ஏறிப் பேசப் பழக்கியது தமிழ்த்தினப் போட்டிக்கு அவனை இழுத்துக்கொண்டு போன எங்கள் தமிழ் ரீச்சர்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஒரு கேள்வி கேட்டார். "80 வீத வரவு வேண்டும் என்பதற்காகத்தானே பள்ளிக்கூடம் போனோம்? இடாப்பு இல்லையென்றால் யார் போயிருப்பார்கள்?" சரி. அந்த மே மாத மீட்டல் வகுப்பு எந்த 80 வீதத்துக்குள் வருகிறது? எந்த அதிகாரி அந்தக் கொப்பியைப் பார்க்கப் போகிறார்? வரவுக்குக் கணக்குக் காட்டத் தேவையில்லாத வகுப்பிலும் ஒருவர் பெயர் பெயராகக் கூப்பிட்டார் என்றால், அதை என்னவென்று சொல்வது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரசாயனவியலில் நியமிப்பு (ரைற்றேசன்) கணக்கு நான் ரியூசனில் நூறு செய்திருப்பேன். விடை சரியாக வரும். ஆனால் அளவியின், அதுதான் பியூரெற்றின், திருகைப் பிடித்து, துளி துளியாக விட்டு, கடைசித் துளியில் குடுவை மெல்லிய இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்த்தது எங்கள் ஆய்வுகூடத்தில்தான். முதல் தடவை நான் அவசரப்பட்டு விட்டதில் கடும் சிவப்பாகிவிட்டது. "ஊத்திப்போட்டுத் திரும்பத் தொடங்கு" என்றார் மிஸ். நான்கு தரம் தொடங்கினேன். நான்கு தரமும் அவர் பக்கத்தில் நின்றார், மணி அடித்த பிறகும் போகவில்லை. பொறுமை என்றால் என்னவென்று என் கைக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

பள்ளிக்கூடம் பழைய காலத்துக்கு உரியது என்றும் சொன்னார்கள். ஆறுமுக நாவலர் 1848-இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1945-இல் இலவசக் கல்வி வந்தது. அது பழைய கதைதான், விடுவோம். என் அம்மாவின் கதை அவ்வளவு பழையதல்ல. 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வர, யாழ்ப்பாணத்தை விட்டு ஊரோடு நடந்து கிழக்கே தென்மராட்சிக்குப் போனவர்களில் அம்மாவும் ஒருவர், அப்போது ஆண்டு 8. போன இடத்தில் வேறொரு பள்ளிக்கூடத்து மாமரத்துக்குக் கீழே பின்னேர வகுப்புத் தொடங்கியது. மேசை இல்லை, கதிரை இல்லை. கொப்பியை மடியில் வைத்து எழுதினார்களாம். ஆனால் அந்த வகுப்பையும் தன் பழைய பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள் என்று அம்மா இப்போதும் சொல்வார். கட்டடத்தை விட்டுவிட்டுப் போன பிறகும் அது பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது.

எங்களுக்கும் ஒரு நவம்பர் வந்தது. 2024 நவம்பர் 25-ஆம் திகதி உயர்தரப் பரீட்சை தொடங்கியது. மழையும் சேர்ந்து தொடங்கியது. 27-ஆம் திகதி பரீட்சையை நிறுத்தினார்கள், திரும்ப டிசம்பர் 4-ஆம் திகதிதான் எழுதினோம். இடையில் அந்த நாட்கள்! ஒழுங்கை எல்லாம் முழங்கால் தண்ணீர், கிணறும் முற்றமும் ஒன்று. படித்ததெல்லாம் மறந்துபோகுமோ என்ற பயம் வேறு. அந்த நேரம் எங்கள் வகுப்பு ரீச்சர் 41 பேருக்கும் போன் எடுத்தார். பாடத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. "வீட்டுக்குள்ளை தண்ணி வந்ததோ? சாப்பிட்டியோ? அட்டையும் ஐடென்ரிகாட்டும் நனையாமல் இருக்கோ?" இந்த மூன்றும்தான். ரீச்சரின் வீட்டுக்குள்ளும் அன்று தண்ணீர் நின்றது என்பது பரீட்சை முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

நடுவர் ஐயா, மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். நான் சொன்ன அந்தக் கொப்பி, 80 பக்கக் கொப்பி, இன்னும் சேரிடம் இருக்கிறது. இன்றைக்குக் கொண்டு வரும்படி கேட்டேன், கொண்டு வந்திருக்கிறார். தீர்ப்பு எழுதுமுன் ஒருதரம் வாங்கிப் பாருங்கள். 2022 மே மாதப் பக்கம். ஒரு பெயருக்கு நேரே மூன்று வட்டம், நான்காவது நாளில் ஒரு கோடு. அந்தக் கோட்டை மட்டும் சேர் சிவப்புப் பேனையால் போட்டிருக்கிறார்.

வணக்கம்.