புரியாமல் சொல்லும் 'எஸ்'

வணக்கம். ஹோட்டல் ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறவர்களும் ஹோட்டல் மேலாளர்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் அவை இது. அதனால் நேராகவே சொல்கிறேன். நம் வகுப்பின் முதல் பாடம் 'குட் மார்னிங்' அல்ல. புரியாதபோது 'எஸ்' சொல்லாமல் இருப்பது.

ஹவுஸ்கீப்பிங் பெண் ஒருவர் கதவைத் தட்டுகிறார். விருந்தினர் பாதிக் கதவைத் திறந்து, 'வுட் யூ மைண்ட் கமிங் பேக் லேட்டர்?' என்கிறார். அந்தப் பெண் சிரித்தபடி 'எஸ்' என்கிறார். அப்புறம் வரச் சொல்கிறார்கள், சரி என்றுவிட்டோம் என்பது அவர் நினைப்பு. ஆனால் அந்தக் கேள்வி ஆட்சேபணை உண்டா என்று கேட்கிறது. 'ஆமாம், உண்டு' என்று பதில் போயிருக்கிறது! நேரில் முகம் காப்பாற்றிவிடும். தொலைபேசியில் முகம் ஏது? ஆகவே 'எஸ்', 'நோ' இரண்டையும் விட்டுவிட்டு, செய்யப்போவதைச் சொல்லப் பழக்குகிறேன்: 'ஷ்யூர், ஐ வில் கம் லேட்டர்.'

எண்களிலும் இதே சிக்கல்தான். 'ஃபிஃப்டீன்' என்று தனியாகச் சொன்னால் அழுத்தம் பின்பாதியில் விழும். 'ஃபிஃப்டீன் டவல்ஸ்' என்றால் அழுத்தம் முன்னால் நகர்ந்து, கிட்டத்தட்ட 'ஃபிஃப்டி' போலவே கேட்கும். இதை உச்சரிப்புப் பயிற்சியால் மட்டும் சரிசெய்ய முடியாது. 'ஒன் ஃபைவ்?' என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிக் கேட்க வேண்டும்.

டவல் கூடினால் குறைந்தால் பரவாயில்லை. 'ஐ ஆம் அலர்ஜிக் டு நட்ஸ்' என்பதற்குப் புரியாமல் தலையாட்டினால் உயிரே போகலாம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், உணவில் இருந்தால் சொல்லியே ஆகவேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பட்டியலிடுகிறது. அதில் வேர்க்கடலை தனி. பாதாம், முந்திரி போன்றவை தனி. அப்படியானால் 'நட்ஸ்' என்று கேட்ட வெயிட்டர், 'பீநட்ஸ் ஆல்ஸோ?' என்று கேட்டுக்கொண்டுதான் சமையலறைக்குள் போக வேண்டும். அந்த இரண்டு சொற்களுக்காக நான் ஒரு வகுப்பு முழுவதையும் செலவிடுவேன். இறந்தகால வினை அடுத்த வாரம் வரட்டும்.

1978இல் ஜான் மன்பி, மொழி கற்பவரின் தேவையை ஆராய்ந்து பாடத்திட்டம் வகுப்பது எப்படி என்று எழுதினார். அவர் எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர் ஸ்பெயின் நாட்டுத் தலைமை வெயிட்டர். யாரிடம், எங்கே, எதற்காகப் பேசுகிறார் என்று பார்த்த பிறகே பாடம். நாமும் பாடம் எழுதும் முன் ஒரு ஷிஃப்ட் முழுக்க ரிசப்ஷனில் நின்று கேட்க வேண்டும்.

மேலாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். 'சாரி, ஒன்ஸ் மோர் ப்ளீஸ்' என்று என் வகுப்பில் தைரியமாகச் சொல்கிறவர்கள் வேலையிடத்தில் வாய் திறப்பதில்லை. ஏன் என்று கேட்டேன். "மறுபடி கேட்டால் சூப்பர்வைசர் திட்டுவார் டீச்சர்" என்றார் ஒரு பெண். தயவுசெய்து அடுத்த வகுப்புக்கு உங்கள் சூப்பர்வைசர்களையும் அனுப்புங்கள். அரை மணி நேரம் போதும். பின்வரிசையில் உட்காரட்டும்.